லயத்துக் கூரைக்கு ஊரார் பணமா, உரிமைக்கான மனுவா? இடுக்கி, பாலக்காடு, தேனிப் பகுதி அன்பர்களின் கருத்து வேண்டும்

ஏலப்பாறை வாசகி எழுதிய கேள்வி:

வணக்கம். பீர்மேடு தாலுக்காவில் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் நாங்கள் சிலர் சேர்ந்து பல ஆண்டுகளாக ஒரு சிறு குழுவாக வேலை செய்து வருகிறோம். பதிவு பெற்ற அமைப்பு அல்ல, கட்சிச் சார்பும் கிடையாது. கொழுந்து பறிக்கும் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள், அங்கன்வாடி உதவியாளர் ஒருவர், ஆட்டோ ஓட்டும் இளைஞர்கள் ஆகியோர்தான் குழுவில் இருக்கிறோம். மாதந்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்குவதற்கு முன் மிக மோசமான நிலையில் இருக்கும் லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளுக்கு)த் தகரமும் தார்ப்பாயும் வாங்கித் தருகிறோம். பென்ஷன், ரேஷன் அட்டை, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களை அட்சயா என்ற அரசு இணையச் சேவை மையத்தில் உடனிருந்து நிரப்பித் தருகிறோம். இதை இப்படியே தொடர்வதா என்பதில் குழுவுக்குள்ளேயே இப்போது இரண்டு கருத்துகள் உருவாகிவிட்டதால், எல்லைப் பகுதியில் இதே வேலையில் இருப்பவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

2025 நவம்பர் 1 அன்று, கேரளப் பிறவி நாளில், மாநிலத்தில் அதிதீவிர வறுமை ஒழிக்கப்பட்டுவிட்டதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2021-இல் தொடங்கிய திட்டத்தில் 64,006 குடும்பங்கள் அடையாளம் காணப்பட்டன, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத் திட்டம் வகுத்து அவர்களை அந்த நிலையிலிருந்து மீட்டுவிட்டோம் என்பது அரசின் விளக்கம். அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 64,006-க்குள் எங்கள் ஊர் மூதாட்டி ஒருவர் வரவே இல்லை என்பதும், அவரைப் போன்றவர்கள் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் (பிரிவிலும்) இருக்கிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அவர் வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். பணிக்கொடை (கிராஜுவிட்டி) இன்னும் கைக்கு வரவில்லை. அது வரும்வரை லயத்தை விட்டுக் கிளம்ப முடியாது. வந்தாலும் போவதற்கு ஓர் இடம் இல்லை. ஒரே ஓர் அறை, அதன் பின்னால் சமையற்கட்டு, அவ்வளவுதான் அவர் குடியிருக்கும் பகுதி. சமையற்கட்டுச் சுவர் மழையில் ஊறி உப்பிப்போய், எப்போது சரியும் என்று தெரியாத நிலையில் இருப்பதால், அடுப்பை முன்னறைக்கு மாற்றிவிட்டு அதே அறையின் மறு மூலையில் படுத்துக்கொள்கிறார். ஆதார், ரேஷன் அட்டை, பி.எஃப். சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒழுகாத ஒரே இடம் என்று உத்திரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். கணக்கெடுப்பு நடந்தபோது வார்டில் இவர் பெயரை நாங்கள்தான் சொன்னோம். வீடு உண்டா என்ற இடத்தில் உண்டு என்றும், வருமானம் உண்டா என்ற இடத்தில் நலப் பென்ஷன் உண்டு என்றும் எழுதினார்கள். அத்தோடு அவர் பெயர் நின்றுவிட்டது.

எனக்கு மனம் பொறுக்காதது இதுதான். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையில் இருக்கும்வரை தங்கிக்கொள்ளக் கொடுத்த இடம். அதை அவருடைய வீடு என்று எழுதிவிட்டால், மூன்று தலைமுறையாக ஒரு சென்ட் நிலமும் இல்லாமல் வாழ்ந்த ஒரு குடும்பம் அரசின் ஏட்டில் வீடுள்ள குடும்பமாக ஆகிவிடுகிறது. அப்புறம் எந்தத் திட்டம் வந்தாலும் அவர்களுக்கு முன்னுரிமை கிடைப்பதில்லை.

குழுவில் இளைஞர்கள் சொல்வது, "நாம் தகரம் போட்டுக்கொண்டே இருந்தால் தோட்ட நிர்வாகமும் பஞ்சாயத்தும் ஒருநாளும் அசையப்போவதில்லை, அந்தப் பணத்தையும் நேரத்தையும் மனு, வழக்கு, போராட்டம் ஆகியவற்றில் போடுவோம்" என்பது. பெண்கள் சொல்வது, "மனுவுக்குப் பதில் வருவதற்குள் மழை வந்துவிடும்" என்பது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இந்தச் சூழலில் நீங்கள் என்ன செய்தீர்கள், எது பயன் தந்தது, லயத்தை வீடு என்று எழுதுவதை மாற்றவைக்க ஏதேனும் வழி உண்டா என்பதைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

போடிநாயக்கனூர்க்காரர் எழுதிய பதில்:

சகோதரிக்கு வணக்கம். என் பெற்றோர் இருவரும் தேவிகுளம் பக்கம் தோட்டத்தில் வேலை செய்து, ஓய்வுக்குப் பின் போடிக்கு இறங்கி வந்தவர்கள். அவர்களால் இறங்கி வர முடிந்ததற்கு ஒரே காரணம், என் தாய்வழித் தாத்தா இங்கே இரண்டு சென்ட் நிலத்தை விற்காமல் வைத்திருந்தார் என்பதுதான். அப்படி எதுவும் இல்லாத குடும்பங்கள் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்துகொண்டால்தான் லயம் கையில் நிற்கும். படித்து வெளியே போயிருக்க வேண்டிய பிள்ளை, தாய் தந்தைக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்பதற்காகவே பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு)ப் போய் நிற்பான். வறுமை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் வழி இதுதான் என்பது என் கருத்து. எந்தக் கணக்கெடுப்பும் இதைக் கேட்டதில்லை.

மூதாட்டியின் பணிக்கொடையை முதலில் கையில் எடுங்கள். வேலையை விட்ட 30 நாளுக்குள் பணிக்கொடையைக் கொடுத்துவிட வேண்டும், தாமதமானால் வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெளிவாக இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே 30 நாள்தான். லயத்தைக் காலி செய்தால்தான் பணம் என்று வாயால் சொல்வார்கள், எழுதித் தர மாட்டார்கள். ஆகவே நீங்கள் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, பதில் வராவிட்டால் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள். ஒரே டிவிஷனில் ஓய்வு பெற்றவர்கள் அனைவரும் ஒரே நாளில் மனு கொடுப்பது நல்லது. தனியாகப் போனவரை நாளை வா என்பார்கள், இருபது பேர் சேர்ந்து போனால் உட்காரச் சொல்வார்கள்.

தகரம் போடுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போடும் ஒவ்வொரு தகரத்துக்கும் ரசீது வைத்து, போடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, நிர்வாகம் செய்ய வேண்டிய வேலையை நாங்கள் செய்தோம் என்று ஒரு கடிதம் எழுதி மேனேஜருக்கும் பஞ்சாயத்துச் செயலருக்கும் அனுப்பிவிடுங்கள்.

சித்தூர் கிழக்கு எழுதிய பதில்:

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவிலிருந்து எழுதுகிறேன். கேரள அரசின் மகளிர் சுயஉதவி இயக்கமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில் நீண்ட காலம் இருந்தவள் என்ற முறையில், அதிதீவிர வறுமை ஒழிப்புத் திட்டத்தைப் பற்றி நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் பின்னர் குறையைச் சொல்கிறேன். உணவு, உடல்நலம், வருமானம், உறைவிடம் என்ற நான்கையும் வைத்து, வார்டு வார்டாகப் போய், யார் யார் என்று பெயர் சொல்லிக் கண்டெடுத்த திட்டம் இது. எங்கள் வார்டில் ஆதாரும் ரேஷன் அட்டையும் இல்லாமல், மருந்து வாங்கவும் வழியில்லாமல், பேருந்து நிலையத்தின் பின்புறம் கிடந்த ஒருவருக்கு முதலில் அடையாள ஆவணங்கள் எடுத்துக் கொடுத்து, பிறகு சிகிச்சை, பிறகு தங்குமிடம் என்று படிப்படியாகச் செய்ததை நான் உடனிருந்து பார்த்தேன். தமிழ்நாட்டிலும் 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் தாயுமானவர் திட்டம் என்று 5 லட்சம் ஏழைக் குடும்பங்களை மீட்கப்போவதாக அறிவித்தார்கள். ஒரு குடும்பத்தைப் பெயர் சொல்லித் தேடிப் போகும் அரசு, தேடாத அரசைவிட எவ்வளவோ மேல். ஆகையால் இதை முழுப் பொய் என்று ஒதுக்கும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் சகோதரி சொல்லும் ஓட்டை உண்மையானது, பெரியது. ஆதரவற்றவர்களையும், எந்த நிழலும் இல்லாதவர்களையும் கண்டெடுப்பதற்கென்று வகுத்த அளவுகோல் அது. உழைத்துக்கொண்டே ஏழையாக இருப்பவர்களை அந்த அளவுகோல் பிடிக்காது. கூலி கொஞ்சமாவது வருகிறது, தலைக்கு மேல் ஏதோ ஒன்று இருக்கிறது என்றால் அவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் கேரளத்தின் விகிதம் 0.55 விழுக்காடு என்று வந்திருக்கிறது, நாட்டிலேயே மிகக் குறைவு. அதைப் பிடித்துக்கொண்டு, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அதிகாரிகள் நினைக்கத் தொடங்கினால் மலையில் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசமாகும். அறிவிப்பு வந்ததைவிட அதற்குப் பின்னால் வரக்கூடிய இந்த அலட்சியத்துக்குத்தான் நான் அஞ்சுகிறேன்.

வழி கேட்டீர்கள். கிராம சபையை விட்டுவிடாதீர்கள். 1994-ஆம் ஆண்டுக் கேரளப் பஞ்சாயத்துச் சட்டப்படி ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். வார்டு வாக்காளர்களில் 10 விழுக்காட்டினர் ஒரு பொருளைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேட்டால், அதற்கென்றே சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும். தோட்ட வார்டில் 10 விழுக்காடு கையெழுத்து வாங்குவது கடினமே அல்ல. கொழுந்து எடை போடும் இடத்தில் ஒரு மாலை நின்றால் போதும். கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள்: லயத்தில் குடியிருப்போரை நிலமற்றவர், வீடற்றவர் என்று பதிய வேண்டும். கேரள அரசின் வீட்டுத் திட்டமான லைஃப் திட்டத்தில் நிலம் உள்ள வீடற்றவர் ஒரு வகை, நிலமும் வீடும் இல்லாதவர் இன்னொரு வகை. உங்கள் மக்கள் இரண்டாவது வகையில் வர வேண்டியவர்கள். வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் என்பது நிலம் கைக்கு வந்த பிறகு பேச வேண்டிய விஷயம். நிலமற்றோருக்காக மனம் உவந்து நிலம் தருமாறு 2021 இறுதியில் அரசே பொதுமக்களிடம் ஓர் இயக்கம் தொடங்கியது. அந்த வழியில் உங்கள் பஞ்சாயத்தில் ஏதேனும் நிலம் வந்திருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புதிய உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். வாக்குக் கேட்டு வந்தபோது அவர்கள் ஒழுகும் கூரைகளைப் பார்த்திருப்பார்கள். அது மறந்துபோவதற்குள் கூட்டத்தைக் கூட்டிவிடுங்கள்.

மூணாறு மலைமகள் எழுதிய பதில்:

மேலே எழுதியவர்கள் இருவரும் பயனுள்ள விஷயங்களைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லயத்து மக்களின் வறுமை யாருக்கும் தெரியாமல் இருந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தபோது நாடே பார்த்தது. அன்றைய நாள் கூலி 232 ரூபாய். போனஸ் குறைக்கப்பட்டதில் தொடங்கிய கோபம், கூலி, லயம், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடாமல் அந்தப் பெண்கள் தாங்களே பேசி, 20 விழுக்காடு போனஸை வாங்கினார்கள். 500 ரூபாய் கூலி கேட்டார்கள். அக்டோபரில் கிடைத்தது 301. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்; என் சித்தி அந்தக் கூட்டத்தில் இருந்தார். வீட்டில் கேட்டதற்கெல்லாம் சரி என்று தலையாட்டுகிறவர், மைக்கைக் கையில் வாங்கி, ஒரு கிலோ கொழுந்துக்கு எவ்வளவு, ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்டதை நான் பார்த்தேன். அந்தப் பெண்கள் அமைத்த பெண்கள் ஒருமை (பெம்பிளை ஒருமை) அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களில் வெற்றியும் பெற்றது. ஆகவே அரசுக்குத் தெரியாது என்ற பேச்சுக்கு இடமில்லை.

தெரிந்த பிறகு அரசு எதை முதலில் செய்தது என்பதைப் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலின் நெருக்கடியைப் படிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கிருஷ்ணன் நாயர் தலைமையில் ஆணையம் வைத்தார்கள். அதன் பரிந்துரைகளின் மேல் 2018-இல் தோட்ட வரியை நீக்கினார்கள், விவசாய வருமான வரியை நிறுத்திவைத்தார்கள், லயங்களுக்கான கட்டட வரியிலிருந்தும் விலக்கு அளித்தார்கள். நிர்வாகங்களுக்கான சலுகைகளுக்கு ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்தது. அதே முடிவுகளோடு சேர்த்துப் பேசப்பட்ட தொழிலாளர் வீடுகளோ ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பேச்சாகவே வருகின்றன. வரி விலக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தோட்டம் மூடிப்போனால் முதலில் பட்டினி கிடப்பது நாங்கள்தான். 2000-இல் பீர்மேட்டில் தோட்டங்களைக் கைவிட்டுப் போனபோது என்ன நடந்தது என்று ஏலப்பாறை சகோதரிக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் வரி விலக்குப் பெறும் தோட்டம் முதலில் கூரையைச் சரிசெய்தாக வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம்.

மூணாற்றுக்கு அருகிலுள்ள பெட்டிமுடியை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். விடிந்த பிறகுதான் வெளியுலகுக்குச் செய்தியே போனது. மறுநாள் இரவு கரிப்பூரில் (கோழிக்கோடு விமான நிலையத்தில்) விமானம் விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 5 லட்சம். இரண்டு துயரங்களையும் நான் ஒப்பிட விரும்பவில்லை, அந்தக் குடும்பங்கள் இழந்ததும் உயிரைத்தான். ஒரு வாரத்துக்குள் நடந்த இரண்டு சாவுகளுக்கு இரண்டு விலை வைக்கும் மனம் எதிலிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கிறேன். 2025 பிப்ரவரியில் ஊர் ஊராகச் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளர்கள், மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியம் போதவில்லை, 21,000 வேண்டும் என்று தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்த அதே மாதத்தில், அரசுப் பணியாளர் தேர்வாணையத் தலைவர், உறுப்பினர்களின் சம்பளத்தை உயர்த்த அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆஷாக்களுக்கு 1,000 ரூபாய் கூட்ட அக்டோபர் இறுதி ஆனது. பணம் இல்லை என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லப்படும் பதிலாக இருந்தால் நாங்களும் பொறுத்துக்கொள்வோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கட்டித் தருவதையும் பராமரிப்பதையும் முதலாளியின் கடமை என்று சொன்னது. 1981-இல் வந்த திருத்தம், இயற்கைப் பேரிடராலோ குடியிருப்பவரின் தவறாலோ அல்லாமல் வீடு இடிந்து யாராவது இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்றும் சேர்த்தது. சமையற்கட்டுச் சுவர் சரியப்போகிறது என்று எழுத்து மூலம் முன்கூட்டியே நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட்டால், பிறகு அது இயற்கையின் செயல் என்று அவர்களால் எளிதாகத் தப்ப முடியாது. ஏலப்பாறைப் பக்கமே லயத்தின் சுவர் இடிந்து ஒரு தொழிலாளிப் பெண் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்படி முன்னரே கடிதம் கொடுப்பது ஒவ்வொரு டிவிஷனிலும் நடக்க வேண்டும்.

ஆனால் 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. பழைய தோட்டத் தொழிலாளர் சட்டம் பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. வீடு தரும் கடமை அதிலும் இருக்கிறது. கூடவே, நலவசதிகளை முதலாளி தன் பணத்திலிருந்தோ ஒன்றிய, மாநில அரசுகளின் திட்டங்கள், பஞ்சாயத்தின் திட்டங்கள் வழியாகவோ செய்து தரலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். கேரள அரசு இந்தத் தொகுப்புகளைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2025-இல் சொன்னது. அது எவ்வளவு காலம் நிற்கும் என்பதை நம்பி நாம் உட்கார முடியாது. நாளைக்கு நிர்வாகம் பஞ்சாயத்தைக் கைகாட்டும், பஞ்சாயத்து நிர்வாகத்தைக் கைகாட்டும், இரண்டுக்கும் நடுவில் உங்கள் குழு தகரத்தோடு நிற்கும். இளைஞர்களின் கோபத்தில் இருக்கும் நியாயம் இதுதான். கூரையை உங்கள் பணத்தில் மாற்றினால், அந்தச் செலவை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் திரும்பக் கேட்காமல் ஒரு முறைகூட மாற்றாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

குமுளி ஆசிரியர் எழுதிய பதில்:

ஒரு சிறு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். பலர் மனு கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் மலையாளத்தில் எழுத வராது என்பதுதான். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடம் பேசும் மொழிச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். மனுவைத் தமிழில் எழுதுங்கள், சட்டத்தின் பெயரை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, சாதிச் சான்று. 1950-க்கு முன்பே குடும்பம் இங்கு குடியேறியதற்குச் சான்று கேட்பதால், பட்டியல் சாதிப் பிள்ளைகள் பலருக்கு உதவித்தொகையும் வீட்டுத் திட்ட முன்னுரிமையும் தட்டிப்போகின்றன. 1950-க்கு முன் குடியேறினார்களா என்ற இந்தக் கேள்வி, தேவிகுளம் தனித் தொகுதித் தேர்தல் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம்தான் முடிவுக்கு வந்தது. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே இவ்வளவு இழுபறி என்றால் கொழுந்து பறிப்பவரின் பிள்ளை எங்கே போகும்? தோட்டத்தின் பழைய செக்ரோல் (ஆள், கூலிப் பதிவேடு), பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியல், கல்லறைப் பதிவு ஆகியவற்றில் தாத்தா பாட்டி பெயர் இருக்கிறதா என்று தேடி நகல் எடுத்து வையுங்கள். எங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு வரி, ஒரு மாணவிக்குச் சான்று கிடைக்க உதவியிருக்கிறது. லயங்கள் ஒழுகுவதால் வீட்டில் இருக்கும் பழைய தாள்களும் அழிந்துவருகின்றன. இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கம்பம் பள்ளத்தாக்கு எழுதிய பதில்:

கேரள அரசை மட்டும் கேட்பது போதாது என்பது என் எண்ணம். கம்பம், கூடலூர், போடிப் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏலக்காட்டுக்கு ஏறி, இருட்டியபின் இறங்கும் பெண்களை எந்த மாநிலம் தன் கணக்கில் எழுதுகிறது? கூலி அந்தப் பக்கம், ரேஷன் இந்தப் பக்கம். வேலை செய்யும் இடத்தில் காலில் அடிபட்டால் மேலே இருக்கும் முதலாளி ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிடுவார். கீழே வந்தால் விபத்து இங்கு நடக்கவில்லை என்பார்கள். இரண்டு அரசுகளும் எல்லையில் அணையைப் பற்றிப் பேசுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையாவது இந்தப் பெண்களுக்காக ஒதுக்கலாம். ஏலப்பாறைக் குழு மனு எழுதும்போது தேனி மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓய்வு பெற்று இறங்கி வருகிறவர்கள் கடைசியில் எங்கள் ஊர்களின் புறம்போக்கில்தான் குடிசை போடுகிறார்கள்.

சித்தூர் கிழக்கு மீண்டும் எழுதியது:

மலைமகளின் பதிலைப் படித்தபின் ஒன்று சொல்லத் தோன்றியது. பெட்டிமுடி நிவாரணத்தைப் பற்றியும் ஆஷாக்களைப் பற்றியும் அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை; நானும் ஆஷா பணியாளர்களுக்காக எங்கள் ஊரில் கையெழுத்து வாங்கியவள்தான். ஆனால் நலப் பென்ஷன் 1,600-இலிருந்து 2,000 ஆனதும் அதே அக்டோபர் அறிவிப்பில்தான். எங்கள் வார்டில் அந்த 400 ரூபாய் மாத்திரைச் செலவைத் தாங்குகிற கிழவிகள் இருக்கிறார்கள். செய்ததைச் செய்தது என்று ஒப்புக்கொண்டு, செய்யாததைக் கேட்டால், எதிரில் இருக்கும் அதிகாரி காது கொடுப்பார் என்பது என் அனுபவம்.

மூணாறு மலைமகள் மீண்டும் எழுதியது:

அக்கா, பென்ஷனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பென்ஷன் இருப்பதையே காரணமாகக் காட்டித்தான் அந்த மூதாட்டியின் பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வோம். 1970 ஜனவரி 1 முதல் நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, குடிகிடப்புக்காரர்களுக்கு (பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு)ப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை மனை கிடைத்தது. இந்தியாவே வியந்த சட்டம் அது. தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தால் ஒரு சென்ட்டும் வரவில்லை. அன்று விட்டுப்போனதை இன்னும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நிலம் என்ற கேள்வியைத் தொடாமல் செய்யும் எந்த வறுமை ஒழிப்பும் எங்கள் மலைக்கு வந்து சேராது.

ஏலப்பாறை வாசகி எழுதிய பதில்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து ஞாயிற்றுக்கிழமை குழுவில் வாசித்தோம். தகரம் போடுவதை நிறுத்துவதில்லை, ஆனால் மலைமகள் சொன்னபடி, செலவை நிர்வாகத்திடம் திரும்பக் கேட்கும் கடிதம் இல்லாமல் இனி ஒரு கூரையும் மாற்றுவதில்லை என்று முடிவாயிற்று. மூதாட்டியின் சமையற்கட்டுச் சுவரைப் படம் எடுத்து, நிலைமையை விவரித்து, அவர் கைநாட்டோடு முதல் கடிதத்தைத் தமிழில் எழுதியிருக்கிறோம். பணிக்கொடைக்கான மனுவை ஓய்வு பெற்ற எல்லோரும் ஒரே நாளில் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். கூடலூரில் இருக்கும் இரண்டு பேர் அதற்காக ஏறி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேனி ஆட்சியருக்கும் நகல் போகும்.

சிறப்புக் கிராம சபைக்கான கையெழுத்துகளை இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். தீர்மானத்தின் வாசகத்தில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. நிலமும் வீடும் அற்றோர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதுமா, தோட்டத்தின் உபரி நிலத்திலிருந்து மனை தர வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்க்க வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் நிர்வாகத்துக்குப் பயந்து வேலையில் இருக்கும் பெண்கள் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள் என்று ஒருவர் சொல்கிறார். சேர்க்காவிட்டால் பிறகு ஒருபோதும் கேட்க முடியாது என்று இன்னொருவர் சொல்கிறார். தேவிகுளம், உடும்பன்சோலை தாலுக்காக்களில் இப்படிப்பட்ட தீர்மானம் நிறைவேறிய வார்டு ஏதேனும் இருந்தால், அதன் நகலை இங்கே பதியுங்கள், அல்லது எந்தப் பஞ்சாயத்து என்று மட்டுமாவது சொல்லுங்கள், நாங்களே போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.